டுரண்டா வேலியில் படர்ந்து தக்காளிக்கு வந்துவிட்ட மஞ்சள் கொடி: என்ன செய்யலாம்?

கொழுந்துக்கூடை | வெலிமடை

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் மரக்கறிப் பாத்திக்கும் லயத்துப் பாதைக்கும் நடுவில் டுரண்டா வேலி இருக்கிறது. ஊதாப் பூவும் மஞ்சள் காயும் வருமே, அதுதான். ஐப்பசி மழை பிடித்ததில் இருந்து அந்த வேலி மேல் ஒரு கொடி படர்கிறது. இலை கிடையாது. வேர் எங்கே என்று தரையெல்லாம் தேடிவிட்டோம், அதுவும் கிடையாது. இடியப்பம் பிழிந்து வேலி மேல் கொட்டி வைத்த மாதிரி மஞ்சள் மஞ்சளாக நூல்கள் மட்டும்தான். வெயில் பட்டால் செம்மஞ்சளாக மின்னுகிறது. பாதையில் போகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இப்போது அது வேலி தாண்டி தக்காளிக்கு வந்துவிட்டது. பக்கத்து மிளகாய்ச் செடியையும் தொட்டுவிட்டது. அம்மா விடிந்ததும் போய்ப் பிய்த்துப் போடுகிறார், சில நாளிலேயே அதே கிளையில் திரும்ப நிற்கிறது. அது பிடித்த தக்காளிக் கிளை வெளிறிப்போய்ப் பூவை உதிர்க்கிறது. தங்கச்சியின் டியூஷன் காசு இந்தப் பாத்தியில் இருந்துதான் வருகிறது, அதனால் மனசு கேட்கவில்லை.

இது என்ன கொடி, எப்படி ஒழிப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பாத்திக்கு மேலே எங்கள் சின்னத் தேயிலைக் காணி இருக்கிறது, அதற்கும் ஏறுமா? இன்னொன்று, வேலி எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. லயத்தில் உள்ள எல்லா வீட்டுக்கும் பொது. வெட்டச் சொல்வதென்றால் அவர்களுக்குச் சரியான காரணம் சொல்லியாக வேண்டும்.


சாரல் | கம்பளை

குருவிச்சையாக இருக்கும். எங்கள் மாமரத்திலும் இருந்தது. மண்ணெண்ணெய் தெளித்துப் பாருங்கள், கருகிவிடும்.


தாவரப்பித்து | பேராதனை

குருவிச்சை இல்லை சாரல். குருவிச்சைக்குத் தடித்த பச்சை இலை இருக்கும். கிளையில் ஒரு இடத்தில் ஊன்றிக்கொண்டு புதராக நிற்கும். பூக்கொத்திக் குருவி அதன் பழத்தைத் தின்றுவிட்டு, ஒட்டிக்கொள்கிற விதையை அடுத்த கிளையில் விட்டுப் போவதால் பரவுகிறது. அது மரத்திடம் எடுப்பது தண்ணீரும் உப்புகளும்தான், மாச்சத்தை பெரும்பாலும் தன் இலையிலேயே தயாரித்துக்கொள்ளும். வெலிமடைத் தங்கச்சி சொல்வது அப்படி இல்லை. இலையில்லாமல், பச்சையமும் இல்லையென்றே சொல்லும் அளவுக்குக் குறைந்து, மொத்தச் சாப்பாட்டையும் அடுத்த செடியிடம் இருந்து எடுக்கிற கொடி. கஸ்குட்டா இனம். அம்மையார் கூந்தல் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். சிங்களத்தில் அகமுல நெத்தி வெல. விவசாயக் கந்தோரில் விசாரிக்கப் போனால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள், உடனே பிடிபடும்.

வற்றாளையும் கங்குனும் சேர்ந்த குடும்பத்தில்தான் இதுவும் வருகிறது. உலகத்தில் சுமார் 200 இனங்கள் உண்டு. உங்களுடையது எந்த வகை என்று பார்க்க இரண்டு விஷயம் வேண்டும். கொடியின் தடிப்பு எவ்வளவு? பூ இருக்கிறதா? இருந்தால் ஒரு பூவைப் பிரித்து, நடுவில் காயாக மாறுகிற சூலகத்தின் மேல் எத்தனை தம்பம், அதாவது மெல்லிய காம்பு, நிற்கிறது என்று பாருங்கள். கைபேசிக் கமராவைப் பெரிதாக்கினால் தெரியும்.

மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். வேலி கருகும், மண் கெடும், விழுந்து கிடக்கிற விதைக்கு ஒன்றும் ஆகாது.


கடலோரம் | மன்னார்

எங்கள் பக்கம் மணல் காடுகளிலும் இப்படி ஒன்று பற்றைகளை மூடிக் கிடக்கும். கொஞ்சம் பச்சை கலந்த நிறம், இழுத்தால் கயிறு மாதிரி உறுதி. கொத்தான் என்போம். இதுவும் அதுவும் ஒன்றா?


தாவரப்பித்து | பேராதனை

பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், உறவே கிடையாது. நீங்கள் சொல்வது கசிதா. அது கறுவாவின் குடும்பம். கரையோர மணலில்தான் அதற்கு இஷ்டம். தனித்தனிக் குடும்பத்தில் பிறந்த இரண்டு செடிகள், இலையை விட்டு, வேரை விட்டு, ஒரே மாதிரி நூலாக மாறி நிற்கின்றன. எனக்கு இதைப் பார்த்து அலுக்கவே அலுக்காது.


கொழுந்துக்கூடை | வெலிமடை

நன்றி சேர். இன்று காலையில் அம்மாவோடு போய் நன்றாகப் பார்த்தேன். கொடி தையல் நூலைவிடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். வேலியின் உள்பக்கத்தில், பாதையில் இருந்து தெரியாத இடத்தில், வெள்ளைப் பூக்கள் குட்டிக் குட்டி உருண்டையாகச் சேர்ந்து இருக்கின்றன. ஒன்றைப் பிரித்தேன். நடுவில் இரண்டு தம்பம், நுனியில் ஊசித் தலை மாதிரி குமிழ்.

இன்னொன்றும் கண்டேன். தக்காளித் தண்டில் சுற்றியிருந்த நூலை மெதுவாகக் கழற்றினேன். சுற்றின் உள்பக்கத்தில், தண்டைத் தொடுகிற இடத்தில் மட்டும், வரிசையாகச் சின்னச் சின்னப் புடைப்புகள். வெளிப்பக்கம் வழுவழுவென்று இருக்கிறது. புடைப்பு விட்டுப்போன இடத்தில் தக்காளித் தண்டில் புள்ளி புள்ளியாகத் துளை, அதில் இருந்து தண்ணீர் கசிந்தது. சில புடைப்புகள் நூலோடு வரவில்லை, தண்டுக்குள்ளேயே நின்றுவிட்டன.


தாவரப்பித்து | பேராதனை

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். மெல்லிய தண்டு, இரண்டு தம்பம், அதன் நுனியில் உருண்டைக் குறி என்றால் காம்பெஸ்ட்ரிஸ், சைனென்சிஸ் போன்ற மெல்லிய வகைக் கூட்டம். காம்பெஸ்ட்ரிஸின் சொந்த ஊர் வட அமெரிக்கா. பயிர் விதைகளோடு கலந்து கப்பல் ஏறி இன்று உலகம் பூராகவும் இருக்கிறது. ரிஃப்லெக்ஸா என்ற தடித்த வகைக்குத் தம்பம் ஒன்றுதான். தக்காளியில் நன்றாக ஊன்றியிருக்கிறது என்பதும் அது ரிஃப்லெக்ஸா இல்லை என்பதற்கு ஒரு சாட்சி. பயிர்த் தக்காளிக்கு ரிஃப்லெக்ஸாவை எதிர்க்கத் தெரியும். அது தொட்ட இடத்தைத் தக்காளி காயவைத்துத் தக்கை போலாக்கி, கொடியைப் பட்டினி போட்டுவிடும். அதற்குக் காரணமான மரபணு ஒன்றை ஜெர்மனியின் டூபிங்கன் ஆய்வாளர்கள் 2016இல் கண்டுபிடித்தார்கள்.

அந்தப் புடைப்புக்குப் பாடப்புத்தகத்தில் பருகி என்று பெயர். அது தண்டைத் துளைத்து உள்ளே போய், தண்ணீர் ஏறுகிற காழோடும் சர்க்கரை இறங்குகிற உரியத்தோடும் இணைந்துவிடும். அம்மா பிய்த்தும் திரும்ப வருவதற்குக் காரணத்தை நீங்களே பார்த்துவிட்டீர்கள். உள்ளே நின்றுவிட்ட பருகித் துண்டில் இருந்து புது நூல் முளைக்கும். பிய்த்துக் கீழே போட்ட துண்டும் காய்வதற்குள் ஒரு பச்சைத் தண்டைத் தொட்டுவிட்டால் அதில் சுற்றி ஊன்றிக்கொள்ளும். ஆகவே கொடியைப் பிய்ப்பதை நிறுத்துங்கள். அது பிடித்திருக்கும் கிளையை, கடைசிச் சுற்றுக்கும் ஒரு சாண் கீழே, கிளையோடு வெட்டுங்கள். தக்காளியில் நடுத்தண்டையே பிடித்திருந்தால் அந்தச் செடியை முழுதாக எடுத்துவிடுவதுதான் நல்லது. கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றைக் காப்பாற்றப் போய் வரிசையை இழக்க வேண்டாம்.


கோவாப்பாத்தி | கெப்பெட்டிப்பொல

தங்கச்சி, பூ வந்துவிட்டது என்றால் நாள் கடத்தாதீங்க. நான் கரட், தக்காளி, லீக்ஸ் போடுகிறவன். பிடித்த கொடியைக்கூடச் சமாளிக்கலாம், விதைதான் ஆளைக் கொல்லும். ஒரு கொடி ஆயிரக்கணக்கில் விதை போடும். கடுகைவிடச் சின்னது, தோல் கல் மாதிரி. மண்ணுக்குள் பத்து வருஷத்துக்கு மேலும் சாகாமல் கிடக்கும். எல்லாம் ஒரே மழையில் முளைக்காது, இந்த வருஷம் கொஞ்சம், அடுத்த வருஷம் கொஞ்சம் என்று வந்துகொண்டே இருக்கும்.

வெட்டினதை என்ன செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். குப்பைக் குழியில் போடாதீங்க. ஓடையில் போடவே கூடாது, கீழே உள்ள காணிக்காரனுக்குப் போய்ச் சேரும். யூரியா சாக்கில் அந்த இடத்திலேயே அடைத்துக் கட்டி, காய்ந்த பிறகு எரியுங்க. பாத்தி வழியாக இழுத்துக்கொண்டு போகாதீங்க, போகிற வழியெல்லாம் துண்டு விழும். பக்கத்தில் யாரும் மாடு வைத்திருக்கிறார்களா? இருந்தால் வேலி வெட்டினதை அதுக்குப் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்க. விதை மாட்டு வயிற்றுக்குள் போயும் முளைக்கிற சக்தியோடு சாணத்தில் வரும். அந்தச் சாணத்தைத்தானே நாம் மரக்கறிக்குப் போடுகிறோம்.


கைமருந்து | பண்டாரவளை

இவ்வளவு பேர் எரிக்கச் சொல்வதைப் பார்க்கக் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது. எங்கள் அம்மாயி இந்தக் கொடியைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தேய்ப்பார். சீனாக்காரர்கள் இதன் விதையை மருந்தாகக் காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். வேண்டாதவர்கள் எரிப்பதற்குப் பதிலாகக் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கலாமே?


தாவரப்பித்து | பேராதனை

அக்கா, சீன வைத்தியத்தில் சைனென்சிஸ் வகையின் விதைக்கு இடம் இருப்பது உண்மைதான். ஆனால் இந்தக் கொடி எந்தச் செடியில் வளர்கிறதோ அந்தச் செடியின் சாரம் இதற்குள் வந்துவிடும். செடியில் நச்சு இருந்தால் அந்த நச்சும் சேர்ந்து வரும். இது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்ட விஷயம். டுரண்டாவின் காயும் இலையும் நச்சு. அலரியிலும் ஊமத்தையிலும் படர்ந்ததை நினைத்தே பார்க்க வேண்டாம். வைத்தியர்கள் எடுப்பதானால் எதில் படர்ந்தது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். வேலியில் வெட்டியதை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், முக்கியமாக வாயில் போடுகிற எந்த மருந்துக்கும். கொடுத்தால் போகிற இடத்தில் இன்னொரு வேலியில் தொற்றும் என்பது அடுத்த பிரச்சினை.


கைமருந்து | பண்டாரவளை

விளங்கியது. எங்கள் வீட்டில் எண்ணெய் காய்ச்சியது நாயுருவிப் பற்றையில் படர்ந்ததை எடுத்துத்தான், வேலியில் கை வைக்க அம்மாயி விடமாட்டார். காரணம் இப்போதுதான் தெரிகிறது. கொழுந்துக்கூடை, நீங்கள் எரியுங்கள் பிள்ளை.


பழைய கேபி | தலவாக்கலை

தேயிலைக்கு ஏறுமா என்று பிள்ளை கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் கணக்கப்பிள்ளையாக வேலை செய்து ஓய்வு பெற்றவன். மலையில் பார்த்ததைச் சொல்கிறேன்.

நன்றாக வளர்ந்து, ஒழுங்காகக் கொழுந்து எடுக்கிற மலைக்கு நான் அவ்வளவாகப் பயப்படமாட்டேன். வாரத்துக்கு ஒருமுறை பொம்பளைப் பிள்ளைகளின் கண்ணும் கையும் ஒவ்வொரு செடிக்கும் போகிறது. மஞ்சள் நூல் கிடந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். கவனமாக இருக்க வேண்டியது நர்சரியிலும் புதுக் கன்று நட்ட இடத்திலும். இளம் தண்டு, உயரம் குறைவு, ஆள் அடிக்கடி போவதும் இல்லை.

அதைவிட முக்கியமானது காட்டுச் சூரியகாந்தி. பாதையோரம், ஓடையோரம், மலை எல்லையெல்லாம் அதுதான் நிற்கிறது. பசளைக்கு நல்லது என்று வெட்டிக்கொண்டுவந்து தேயிலைக்கு நடுவில் பரப்புகிறோம். நல்ல பழக்கம்தான், மண்ணுக்கு அதைப் போல ஒன்று கிடையாது. ஆனால் இந்தக் கொடி சூரியகாந்திப் பற்றையில் ஏறி நின்றால், அதையும் சேர்த்து நாமே நம் கையால் தேயிலைத் தூருக்குக் கொண்டுபோய் வைக்கிறோம். வெட்டும் முன் பற்றையைச் சுற்றி வந்து பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் அந்தப் பற்றையை விட்டுவிட்டு வேறு இடத்தில் வெட்டுங்கள். வெலிமடைப் பிள்ளை, உங்கள் காணிக்கு எங்கிருந்து பசளை இலை வெட்டுகிறீர்கள்?


கொழுந்துக்கூடை | வெலிமடை

ஐயா, அந்த வேலியின் கடைசியில், ஓடைப் பக்கம் நிற்கிற சூரியகாந்தியில்தான் அப்பா வெட்டுவார். உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு உடனே போய்ப் பார்த்தேன். வேலியைத் தொடுகிற பக்கம் ஏறியிருக்கிறது. மேல் காணியில் இதுவரை எதுவும் இல்லை, வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டோம். அப்பாவிடம் சொல்லியாயிற்று, இனி அங்கே கத்தி வைக்கமாட்டார்.


மேகமலை | நுவரெலியா

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். கிளைபோசேட் களைகொல்லி ஒரு டாங்கி அடித்தால் வேலை முடிந்தது. 2015இல் தடை போட்டார்கள், 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் திரும்ப விட்டார்கள். இப்போது வாங்கலாம்தானே?


கோவாப்பாத்தி | கெப்பெட்டிப்பொல

தம்பி, கொடி நிற்பது மண்ணில் இல்லை, செடியில். எதன் மேல் அடிப்பாய்? வேலி மேல் அடித்தால் வேலி சாகும். தக்காளி மேல் அடித்தால் தக்காளி சாகும், அந்தக் காயைத் தின்கிற பிள்ளைக்கும் கேடு. வேலியே போனால் பரவாயில்லை என்று அடித்தாலும் உதிர்ந்த விதை அப்படியே கிடக்கும். மருந்துக் காசும் போய், அடுத்த மழைக்கு முதலில் இருந்து தொடங்க வேண்டும். இவ்வளவு சின்ன இடத்துக்குக் கத்தியும் சாக்கும் போதும்.


மேகமலை | நுவரெலியா

விதை விஷயம் சரி அண்ணே, அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் லயத்து ஆட்கள் வேலை நாளில் கத்தியோடு நிற்க ஏலுமா? அதனால்தான் மருந்து என்று சொன்னேன்.


பயோ டீச்சர் | பதுளை

வேலை நாளில் முடியாது என்பது நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை நாலு வீடு சேர்ந்தால் ஒரு காலையில் முடிகிற வேலை. லயத்து ஆட்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று தங்கச்சி முதலிலேயே எழுதியிருந்தார், அதற்கு என்னால் கொஞ்சம் உதவ முடியும். உயர்தர மாணவர்களுக்குச் சொல்கிற மாதிரியே சொல்கிறேன்.

விதை முளைத்ததும் வருவது ஒரு நூல்தான். மண்ணுக்குள் இருக்கிற அடி பெயருக்குத்தான் வேர், சீக்கிரமே செத்துவிடும். அந்த நூலிடம் இருப்பது விதையில் இருந்து கொண்டுவந்த சேமிப்பு மட்டும். ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஒரு செடியைப் பிடிக்காவிட்டால் அது முடிந்தது. அதனால் நுனியைச் சுழற்றிச் சுழற்றித் தேடும். எப்படித் தேடுகிறது என்பதைப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கொன்சுவேலோ டி மொராயெஸ் குழு 2006இல் காட்டியது. தக்காளியின் வாசனையை நோக்கித்தான் அந்த நூல் வளைந்தது. செடியை எடுத்துவிட்டு அதன் வாசனைச் சாரத்தை மட்டும் வைத்தாலும் அந்தப் பக்கமே போனது. ஒரு பக்கம் தக்காளி, மறுபக்கம் கோதுமை என்று வைத்தபோது பெரும்பாலும் தக்காளிப் பக்கம் சாய்ந்தது. கோதுமையின் வாசனையில் அதற்குப் பிடிக்காத ஒரு பொருளும் இருந்தது. கண் இல்லை, மூக்கு இல்லை, மூளை இல்லை. ஆனாலும் தன் சாப்பாடு எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரிகிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒருமுறை பிடித்துவிட்டால் சாப்பாட்டோடு நிற்காது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஜிம் வெஸ்ட்வுட் குழு 2014இல் காட்டியது, கொடிக்கும் செடிக்கும் நடுவில் மரபணுச் செய்தியைச் சுமக்கிற ஆயிரக்கணக்கான ஆர்என்ஏ மூலக்கூறுகள் இரண்டு பக்கமும் போய்வருகின்றன என்று. 2017இல் சீனாவின் குன்மிங் ஆய்வாளர்கள் ஒரே கொடியால் இணைக்கப்பட்ட செடிகளைப் பார்த்தார்கள். ஒன்றைப் புழு கடித்தால், அந்தச் செய்தி கொடி வழியாக மற்றதற்குப் போய், புழு வராத செடியும் எதிர்ப்புக்குத் தயாரானது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே பாதையில் வைரசும் பைட்டோபிளாஸ்மா என்ற நோய்க்கிருமியும் ஒரு செடியில் இருந்து அடுத்ததற்குப் போகும். நோயைச் செடிக்குச் செடி மாற்றிப் பார்க்க ஆய்வுகூடங்களிலேயே இந்தக் கொடியைத்தான் பாலமாகப் பயன்படுத்துகிறார்கள்.

லயத்து ஆட்களிடம் சொல்ல இது போதும் என்று நினைக்கிறேன். உங்கள் வேலிக்கும் எங்கள் தக்காளிக்கும், அடுத்த வீட்டு மிளகாய்க்கும், எல்லாவற்றுக்கும் ஒரே குழாய் போட்டாயிற்று. ஒரு வீட்டில் மட்டும் வெட்டிப் பிரயோசனம் இல்லை.

பூவைப் பற்றியும் ஒரு விஷயம். இலையில்லாத கொடிக்கு எப்போது பூக்க வேண்டும் என்று எப்படித் தெரிகிறது? அதே குன்மிங் குழு 2020இல் காட்டியது: ஆஸ்ட்ராலிஸ் என்ற வகை, தான் பிடித்த செடியின் பூக்கும் சமிக்ஞைப் புரதத்தையே உறிஞ்சி எடுத்து, அதோடு சேர்ந்து பூக்கிறது. டுரண்டா வருஷத்தில் பல மாதம் பூக்கிற செடி. வேலியைப் பூக்கவிடாமல் ஒட்ட வெட்டி வைப்பதில் இப்படியும் ஒரு லாபம் இருக்கலாம்.


சாரல் | கம்பளை

டீச்சர், கோதுமையும் புல் இனம்தானே. புல்லுக்கு ஏறாது என்றால் வேலிக்கும் பாத்திக்கும் நடுவில் புல் நட்டுவிடலாமே?


பழைய கேபி | தலவாக்கலை

சரியான கேள்வி. தேயிலையைப் பிடுங்கித் திரும்ப நடுவதற்கு முன் மண்ணைத் தேற்ற மானாப்புல்லோ கௌதமாலாப் புல்லோ ஒன்றரை, இரண்டு வருஷம் போட்டு வைப்போம். தோட்டத்தில் கேட்டால் துண்டு கிடைக்கும். இங்கே கௌதமாலா நல்லது. உயரமாக அடர்ந்து நிற்கும், மறைப்பும் ஆகும், வெட்ட வெட்ட வரும், மாட்டுக்கும் போடலாம். வேலிக்கு உள்பக்கம் இரண்டு வரிசை நெருக்கமாக நடுங்கள். முளைக்கிற நூலுக்குச் சுற்றிப் பிடிக்க ஒன்றும் கிடைக்காது. இடையில் நாயுருவி, கீரை என்று அகன்ற இலைக் களை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதை விட்டால் கொடிக்கு அதுவே ஏணி.


தாவரப்பித்து | பேராதனை

ஐயா சொன்னதை அப்படியே செய்யலாம். கஸ்குட்டாவுக்கு அகன்ற இலைச் செடிகள்தான் வேண்டும். புல் இனம், சோளம் எல்லாம் அதற்கு ஒத்துவராது. நூல் புல்லில் சாய்ந்து கொஞ்ச தூரம் போகலாம், ஆனால் அதை வைத்துப் பிழைக்க முடியாது.


கொழுந்துக்கூடை | வெலிமடை

நேற்று மாலை லயத்து வாசலில் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசினோம். டீச்சர் எழுதியதை வாசித்துக் காட்டினேன். முதலில் ஒரு வீட்டில் சம்மதிக்கவில்லை. பாதையில் போகிறவர்கள் கண்ணுக்குக் குளிக்கிற இடம் தெரியாமல் மறைப்பது அந்த வேலிதான், வெட்டினால் எங்கே போய்க் குளிப்பது என்று அந்த அக்கா கேட்டார். அது உண்மைதான், லயத்தில் இருக்கிற பொம்பளைகளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். பீலிக்கு நேரே உள்ள துண்டில் கொடி உச்சிக் கிளைகளில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் அங்கே உச்சியை மட்டும் ஆளுயரத்துக்கு வெட்டுவோம், மீதியை முழங்காலுக்குக் கீழே வெட்டுவோம் என்று பேசி முடித்தோம். வேலி திரும்பத் தழைக்கும் வரைக்கும் மறைக்க அப்பா தகரம் இரண்டு தருகிறேன் என்றார். அக்காவுக்கும் சம்மதம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டில் இருந்தும் ஒவ்வொரு ஆள் வருகிறார்கள். கவ்வாத்துக் கத்தி நாலு இருக்கிறது, சாக்குக்கும் சொல்லியாயிற்று. தக்காளியில் நடுத்தண்டு பிடிபட்ட செடிகளை அம்மா இன்றைக்கே பிடுங்கிவிட்டார். காயோடு நின்ற செடிகள், எடுக்கும்போது ஒன்றும் பேசவில்லை. மிளகாயில் நுனியை மட்டும் வெட்டினோம். விவசாயக் கந்தோருக்கு முன்பு ஒருமுறை போனபோது பிய்த்துப் போடச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிய்க்கக் கூடாது, கிளையோடு வெட்ட வேண்டும் என்று இங்கே யாராவது சொல்லாவிட்டால் தைப்பொங்கல் வரைக்கும் அம்மா பிய்த்துக்கொண்டேதான் இருந்திருப்பார்.

கேட்க இரண்டு விஷயம் பாக்கி. வெட்டின பிறகு எவ்வளவு நாளைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்? அந்தப் பாத்தியில் அடுத்து என்ன போடலாம்?


கோவாப்பாத்தி | கெப்பெட்டிப்பொல

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். வெட்டுகிற அன்றைக்குச் சாக்கை வேலிக்கு அடியில் விரித்துவிட்டு வெட்டுங்க, பூவும் விதையும் அதில் விழட்டும். காற்று இல்லாத காலை நேரம் நல்லது. முடிந்ததும் சப்பாத்து, மண்வெட்டி, கத்தி எல்லாவற்றையும் அங்கேயே மண் தட்டிக் கழுவிவிட்டு மேலே தேயிலைக்கு ஏறுங்க, அந்த விதை மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும்.

வெட்டின அடுத்த வாரம் கட்டாயம் பாருங்க, உள்ளே நின்ற பருகித் துண்டு தலை காட்டுவது அப்போதுதான். மழை காலம் முழுக்க வாரத்துக்கு ஒருமுறை வேலி அடியைச் சுற்றி வந்தால் போதும். மழை விட்டுத் திரும்பப் பிடிக்கும்போது, சித்திரையிலும் ஐப்பசியிலும், மண்ணில் மெல்லிய நூல் நிற்கிறதா என்று குனிந்து பாருங்க. அந்த நேரம் செடியைப் பிடிக்கும் முன் மண்வெட்டியால் லேசாகக் கொத்திவிட்டால் செத்துவிடும். ஆழமாகக் கொத்தாதீங்க, கீழே கிடக்கிற விதை மேலே வந்துவிடும்.

பாத்தியில் வேலியை ஒட்டின பாதிக்கு இரண்டு போகம் சோளம் போடுங்க. முளைக்கிறதெல்லாம் பிடிக்க ஆளில்லாமல் சாகும், விதைக் கணக்கும் குறையும். தக்காளியை மறுபக்கம் தள்ளி வையுங்க. கரட் அங்கே வேண்டாம், அதையும் பிடிக்கும்.


தாவரப்பித்து | பேராதனை

பூவோடு ஒரு சின்னத் துண்டைக் காகிதத்துக்குள் வைத்து, கனமான புத்தகத்துக்கு அடியில் அழுத்திக் காயவையுங்கள். முடியும்போது பேராதனைத் தாவரப் பூங்காவில் உள்ள தேசிய உலர்தாவரச்சாலைக்குக் கொடுத்தால் எந்த இனம் என்று உறுதியாகச் சொல்வார்கள். எடுத்த இடம், தேதி, எந்தச் செடியில் இருந்தது என்று மூன்றையும் ஒரு துண்டில் எழுதி வையுங்கள். காயவைக்கும் முன் விதை உதிராமல் காகிதத்தின் நாலு பக்கமும் மடித்து ஒட்டிவிடுங்கள்.


மேகமலை | நுவரெலியா

ஞாயிற்றுக்கிழமை நான் பண்டாரவளைக்கு வருகிற வேலை இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் கௌதமாலாப் புல் நிறைய நிற்கிறது, ஒரு கட்டு வெட்டிக்கொண்டு வருகிறேன் தங்கச்சி. வெலிமடை டவுனில் எங்கே இறக்கிவைக்க வேண்டும் என்று தனி மடலில் சொல்லுங்கள்.


பழைய கேபி | தலவாக்கலை

புல்லை மூன்று கணு உள்ள துண்டாக வெட்டி, சாய்த்து நடுங்கள். ஈரம் இருக்கும்போதே நட்டுவிட வேண்டும்.